சமாதானம் வராதவர் குற்றவாளியா?

கடலில் நான்கு மகள்களைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், தன் ஆத்துமா நலமாயிருக்கிறது என்று பாட்டெழுதினார். தமிழ்ச் சபைகளில் துக்க வீட்டு ஜெபத்திலோ உபவாசக் கூட்டத்திலோ இந்தக் கதையைக் கேட்காத கிறிஸ்தவர் குறைவு. பாட்டோடு கதை முடியும். அடுத்து ஒரு கேள்வி வரும்: அந்த மனிதருக்குக் கிடைத்த சமாதானம் உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

விசுவாசம் மெய்யானால் துன்பத்தில் மனம் தானாக அடங்கிவிடும், அடங்கவில்லை என்றால் விசுவாசத்தில் ஓட்டை, இல்லையேல் எங்கோ மறைந்திருக்கும் பாவம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கேட்பதற்குப் பக்தியாகத் தெரியும் இந்த எண்ணம் வேதத்துக்கும் பொருந்தாது, வரலாற்றுக்கும் பொருந்தாது. ஏற்கெனவே அடிபட்டவன்மேல் இன்னொரு அடியாகத்தான் விழுகிறது.

முதலில் அந்தத் தகப்பனின் கதையையே முழுதாகப் பார்க்கலாம். ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு சிகாகோ வழக்கறிஞர். 1871-இல் அந்நகரை எரித்த பெருந்தீயில் அவருடைய முதலீடுகள் பலத்த அடி வாங்கின. 1873 நவம்பரில் மனைவி அன்னாவையும் நான்கு மகள்களையும் ஐரோப்பாவுக்கு முன்னே அனுப்பினார். அவர்கள் ஏறிய ‘வில் டு ஹாவ்ர்’ கப்பல், நடு அட்லாண்டிக்கில் வேறொரு கப்பல் மோதி, சில நிமிடங்களில் மூழ்கியது. 226 பேர் இறந்தார்கள். பிழைத்துக் கரைசேர்ந்த அன்னா, தான் மட்டுமே தப்பியதாகக் கணவருக்குத் தந்தி அடித்தார். புகழ்பெற்ற அந்தப் பாட்டு பிறந்தது இந்தத் துயரத்தில். பிலிப் பிளிஸ் அதற்கு மெட்டமைக்க, 1876-இல் அச்சில் வந்தது.

பிரசங்கம் இந்த இடத்தில் நின்றுவிடும். வாழ்க்கை நிற்கவில்லை. பிறகு பிறந்த மகனும் 1880-இல் சிறு வயதிலேயே ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். இத்தனை இடி ஒரே வீட்டில் விழுந்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? இந்தக் குடும்பம் அப்படி என்ன குற்றம் செய்தது என்று சபையார் சிலர் கேட்டதை, விபத்துக்குப் பின் பிறந்த மகள் பெர்த்தா பின்னாளில் ‘எங்கள் எருசலேம்’ என்ற தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஸ்பாஃபோர்டு குடும்பம் அந்தச் சபையை விட்டே விலகியது. 1881-இல் ஒரு சிறு குழுவோடு எருசலேமுக்குக் குடிபெயர்ந்தது. சிகாகோவில் விட்டுவந்த கடன் தொல்லை அங்கும் துரத்தியது. 1888-இல் ஸ்பாஃபோர்டு மலேரியாவில் இறந்தார். எந்த மனிதரைச் சமாதானத்துக்கு உதாரணம் காட்டுகிறார்களோ, அதே மனிதர் சொந்தச் சபையில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அந்தப் பகுதியை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

வேதமாவது அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பக்கம் நிற்கிறதா? 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை புலம்பல்கள் என்பது அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெரும்பாலானவை அழுது அழுது கடைசியில் துதிக்குத் திரும்பும். 88-ஆம் சங்கீதம் திரும்பவே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதை யாரும் விசுவாசக் குறைவு என்று கிழித்தெறியவில்லை, வழிபாட்டுப் புத்தகத்திலேயே வைத்தார்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மரணத்துக்கேதுவான துக்கத்தோடு இருந்தார். சீடர்களைத் தம்மோடு விழித்திருக்கச் சொன்னார்.

எலியாவின் கதை இன்னும் நேரடியானது. கர்மேல் மலையில் வென்ற தீர்க்கதரிசி அடுத்த சில நாளில் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உடைந்துபோனவருக்கு உணவும் உறக்கமும் முதலில் வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாய் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம் மூண்டது, புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன அந்த மூவர்மேல்.

எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானத்தைப் பற்றிப் பவுல் பிலிப்பியருக்கு எழுதவில்லையா என்று எதிர்த்தரப்பு கேட்கும். எழுதினார்தான். ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தோழன் எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புக்குப் போனதையும், அவன் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலோ, ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். அவர் பேசிய சமாதானம் கலக்கத்தோடு கூடவே இருந்தது.

பிற்காலத்தவரும் அப்படியே. லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட பிரசங்கி சார்லஸ் ஸ்பர்ஜன், 1856-இல் தம் கூட்டத்தில் யாரோ தீ என்று பொய்க்கூச்சல் போட, நெரிசலில் ஏழு பேர் இறந்ததைப் பார்த்தவர். வாழ்நாள் முழுதும் மனச்சோர்வு அவரை விடவில்லை. இளம் போதகர்களுக்கான தம் சொற்பொழிவுகளில் அதை ஒளிக்காமல் பேசினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, கொல்கத்தாவில் அவர் ஊழியம் செய்த காலம் ஏறத்தாழ முழுவதிலும் கடவுளின் பிரசன்னத்தை உணராத இருளில் இருந்தார் என்பதை உலகம் அறிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அவரை ஒதுக்கியதா? 2016-இல் புனிதர் பட்டம் கொடுத்தது. உள்ளே அமைதி இல்லாமலேயே சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்து கழுவிய கைகளை எந்த அளவுகோலால் விசுவாசக் குறைவு என்று அளப்பது?

ஜெபம் பலருக்கு ஆறுதல் தருகிறது, அதை மறுப்பதற்கில்லை. துக்கத்தில் இருப்பவரின் வீட்டுக்குச் சபை சோறு கொண்டுபோவதும், ராத்திரி கூடவே இருப்பதும் பெரிய காரியங்கள். கண்டனம் அவற்றின்மேல் அல்ல. அமைதியை ஒரு பரீட்சையாக்கி, அதில் தோற்றவரைச் சாட்சி சொல்லும் வரிசையிலிருந்து தள்ளிவைக்கிறார்களே, அதன்மேல்தான். இதன் கேடு கண்கூடானது. தூக்கமில்லாமல் தவிப்பவர் அதை ஜெபக்குறிப்பாகக்கூடச் சொல்லக் கூசுகிறார். மாத்திரை சாப்பிடுபவர் ஒளித்துச் சாப்பிடுகிறார், அல்லது விசுவாசத்தை நிரூபிக்க நிறுத்திவிடுகிறார். மனநோய்களுக்குச் சிகிச்சை பெறாதோர், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் என்று 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில் இந்தக் கூச்சத்தைப் போதகர்களும் சேர்ந்து வளர்க்க வேண்டியதில்லை.

ஆகவே போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஸ்பாஃபோர்டின் கதையைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஞாயிறு அறிவிப்புகளில் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணையும் சேர்த்து வாசியுங்கள்: 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.