விற்காத இரு தொகுப்புகளும் ஒரு நீண்ட இசைவாழ்வும்

அயர்லாந்தின் வெகுசன இசையைப் பற்றிய பேச்சு யூ2, கிரான்பெரீஸ் போன்ற பெரும் பெயர்களோடு நின்றுவிடுவதால், 1989-இல் வட அயர்லாந்தில் தோன்றி இன்றுவரை இயங்கிவரும் டிவைன் காமெடி குழு தனக்குரிய கவனத்தைப் பெரும்பாலும் பெறாமலே போகிறது. தாந்தேயின் காவியத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட இக்குழு பெயரளவில்தான் குழு. பாடல்களை எழுதி, மெட்டமைத்து, பாடி, எல்லாக் காலத்திலும் அதில் நிலைத்திருப்பவர் நீல் ஹன்னன் ஒருவரே, மற்றவர்கள் அவ்வப்போது வந்து சேர்ந்து விலகியவர்கள். 'இண்டி' என்னும் சொல் முதலில் பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்கு வெளியே சிறு நிறுவனங்கள் வழியாக வெளிவந்த இசையைக் குறித்தது, பின்னர் கிட்டார் முன்னிற்கும் ஒரு பாணியின் பெயராகவும் ஆனது. முதற்பொருளில் டிவைன் காமெடி இண்டி மரபின் அசல் வாரிசு, இரண்டாம் பொருளில் அம்மரபிலிருந்து மிகத் தொலைவில் நிற்பது. இந்த முரண் உருவானது 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் வெளியாகி, பிரிட்டனில் மிகக் குறைவாகவே விற்ற இரண்டு தொகுப்புகளில்தான். அதன் பின் வந்த முப்பது ஆண்டுகளும் அவ்விரண்டிலும் கற்றுக்கொண்டதைக் கைவிட்டும் மீட்டும் நடந்த கதை என்று சொன்னால் மிகையாகாது.

ஹன்னன் 1970-இல் டெரி நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பிரையன் ஹன்னன் அயர்லாந்துத் திருச்சபையில், அதாவது அத்தீவின் ஆங்கிலிக்கன் புராட்டஸ்டன்ட் சபையில் போதகராக இருந்து, 1986 முதல் கிளோகர் மறைமாவட்டத்தின் ஆயராகப் பணியாற்றியவர். தேவாலயத்தின் பாமாலைகளையும் ஆர்கன் இசையையும் கேட்டு வளர்ந்த பிள்ளையின் காதில், ஒரு மெட்டு எங்கே உயர்ந்து எங்கே தங்கி எப்படி முடிய வேண்டும் என்ற இலக்கணம் ராக் இசைக்கு முன்பே பதிந்துவிட்டது என்பதை அவருடைய பாடல்களின் கட்டுக்கோப்பே காட்டுகிறது. அவர் படித்தது எனிஸ்கிலன் நகரின் போர்டோரா ராயல் பள்ளியில். ஆஸ்கார் வைல்டும் சாமுவேல் பெக்கெட்டும் படித்த பள்ளி அது. அதே நகரில் 1987 நவம்பர் 8 அன்று போர்வீரர் நினைவு நாள் கூட்டத்தில் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டு வெடித்துப் பதினொருவர் இறந்தபோது ஹன்னனுக்குப் பதினேழு வயது. ஆங்கில இலக்கியம், திருச்சபை இசை, பிளவுபட்ட ஒரு சிறு நகரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இந்தப் பின்புலம், ஐரிஷ் இசை என்றதும் வெளியுலகம் எதிர்பார்க்கும் நாட்டுப்புறப் பிடிலுக்கும் புரட்சிப் பாடலுக்கும் இடமே தராதது.

குழுவை முதலில் ஏற்றுக்கொண்டது செட்டாண்டா ரெக்கார்ட்ஸ். ஐரிஷ் புராணவீரன் கூஹுலினின் சிறுவயதுப் பெயரைத் தாங்கிய இந்நிறுவனத்தை லண்டனில் நடத்திய கீத் கல்லன், ஏ ஹவுஸ், ஃபிராங்க் அண்ட் வால்டர்ஸ் போன்ற ஐரிஷ் குழுக்களுக்கு அந்நகரில் ஒரு வாசலைத் திறந்துவைத்தவர். மூவர் குழுவாக 1990-இல் வெளியிட்ட 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமிக் மியூஸ்' என்ற குறுந்தொகுப்பு, அமெரிக்கக் குழுவான ஆர்.இ.எம்மின் சாயலில் அமைந்து, அதிகம் பேரைச் சென்றடையாமல் மறைந்தது. உடனிருந்தவர்களும் சில ஆண்டுகளில் விலகிவிட்டனர். ஹன்னன் அத்தொகுப்பைத் தன் முதல் படைப்பாகக் கொள்ளாமல் நெடுங்காலம் அச்சுக்கு வெளியே வைத்திருந்தார். குழு கலைந்த பிறகும் செட்டாண்டா அவரைக் கைவிடவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கேட்டில் இந்த நிலை ஒப்பந்த முறிவில்தான் முடிந்திருக்கும். சிறு நிறுவனம் தந்த இந்த இரண்டாம் வாய்ப்புக்குத் தமிழில் 'பொறுமை' என்ற எளிய சொல்லே போதும், ஆனால் இசை வணிகத்தில் அதைவிட அரிய பொருள் வேறில்லை.

அந்தப் பொறுமையின் பலனாக 1993-இல் 'லிபரேஷன்' தொகுப்பும் 1994-இல் 'பிராமனேட்' தொகுப்பும் வந்தன. சியாட்டிலிலிருந்து வந்த கிரஞ்ச் எனும் முரட்டுக் கிட்டார் இசை கோலோச்சிய அந்நாளில், ஹன்னன் ஹார்ப்சிகார்டையும் வயலினையும் செல்லோவையும் கையிலெடுத்தார். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் சிறுகதை ஒன்றும், செகாவின் 'மூன்று சகோதரிகள்' நாடகமும், வேர்ட்ஸ்வர்த்தின் லூசி கவிதைகளும் 'லிபரேஷ'னில் பாடல்களாயின. சேம்பர் பாப் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட வகையின் தெளிவான எடுத்துக்காட்டு இது. மேலை மரபிசையில் பெரிய அரங்குக்கான பல்லியத்துக்கு மாறாக, ஓர் அறைக்குள் அடங்கும் சில வாத்தியங்களுக்காக எழுதப்படுவது சேம்பர் இசை. அதன் நுட்பத்தை மூன்று நிமிடப் பாடலுக்குள் கொண்டுவருவது சேம்பர் பாப். வயலின்கள் பாடலின் மேல் பூசிய மெருகாக இல்லாமல் பாடலையே தாங்கும் தூண்களாக நிற்பதே இவ்வகையின் அடையாளம். அந்தத் தூண்களை அகற்றினால் 'பிராமனேட்' தொகுப்பில் எதுவும் மிஞ்சாது.

'பிராமனேட்' இன்னும் துணிச்சலானது. காதலர் இருவர் கடற்கரையில் கழிக்கும் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை பாடல் பாடலாகச் சொல்லிச் செல்லும் அத்தொகுப்பு, குளியலில் தொடங்கி, கடலுணவு, ராட்டினம், திரையரங்கு, மது என்று நகர்ந்து, வானில் பறக்கும் கற்பனையில் முடிகிறது. பதினேழாம் நூற்றாண்டின் ஆஃப்ரா பென் தொடங்கி எழுத்தாளர்களின் பெயர்களை வரிசையாக வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஓரிரு சொற்களில் பதிலோ ஒலியோ தரும் 'தி புக்லவர்ஸ்' என்ற பாடல் இதில்தான் உள்ளது. வாசிப்பின் மகிழ்ச்சியை இத்தனை நேரடியாக, எந்த வெட்கமும் இல்லாமல் கொண்டாடிய வெகுசனப் பாடல் ஆங்கிலத்தில் மிக அரிது. இசையமைப்பில் ஆங்கிலேயரான மைக்கேல் நைமனின் தாக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. மினிமலிசம் என்னும் அந்த முறையில், சிறிய ஸ்வரக்கோவை ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே மாறிக் கேட்பவரை முன்னே இழுத்துச் செல்லும். இந்தக் காலத்தில் வந்து சேர்ந்த ஜோபி டால்பட் என்ற இளம் இசைஞர், ஹன்னனின் மெட்டுகளை வாத்தியங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பணியில் நெடுநாள் துணையானார். விமர்சகர்கள் பாராட்டினர், பிரான்ஸில் ஒரு ரசிகர் வட்டமும் உருவானது. பிரிட்டனிலோ விற்பனை இல்லை. ஹன்னன் எழுதியவற்றுள் முழுமையானது எது என்ற கேள்விக்கு 'பிராமனேட்' என்ற விடைதான் இன்றும் பொருத்தமாகப் படுகிறது.

புகழ் 1996-இல் 'கேசனோவா' தொகுப்போடு வந்தது. பிளர், ஓயசிஸ், பல்ப் ஆகிய குழுக்களை முன்னிறுத்தி, பிரிட்டனின் அன்றாட வாழ்வையும் அறுபதுகளின் மெட்டு மரபையும் கொண்டாடிய பிரிட்பாப் அலை அப்போது உச்சத்தில் இருந்தது. தைத்துப் பொருத்திய கோட்டும் சூட்டும் அணிந்து ஆழ்ந்த பாரிடோன் குரலில் பாடிய ஹன்னனை அந்த அலை தன்னுடையவராக எண்ணிச் சுமந்தது; 'சம்திங் ஃபார் தி வீக்கெண்ட்' என்ற தனிப்பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் பெற்றது. அதே தொகுப்பின் 'சாங்ஸ் ஆஃப் லவ்' பாடலின் மெட்டு, ஒரு சிறு தீவில் வாழும் மூன்று கத்தோலிக்கப் பாதிரியார்களைப் பற்றிய 'ஃபாதர் டெட்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்பிசையாக 1995 முதலே ஐரிஷ் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. புராட்டஸ்டன்ட் ஆயரின் மகன் அமைத்த மெட்டே ஐரிஷ் கத்தோலிக்க வாழ்வைக் காட்டிய அத்தொடரின் அடையாளமாக நிலைத்தது, வகுப்பு வேறுபாடுகளை நகைச்சுவை எளிதில் கடந்துவிடும் என்பதற்குத் தக்க சான்று. 'கேசனோவா'வுக்கு அடுத்த ஆண்டு வந்த 'எ ஷார்ட் ஆல்பம் அபவுட் லவ்', லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பல்லியத்தோடு நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. ஏழு பாடல்களே கொண்ட அச்சிறு தொகுப்பில் பாடகர் ஸ்காட் வாக்கரின் வழித்தோன்றலாக ஹன்னனின் குரல் முழு வீச்சை எட்டுகிறது.

1998-இன் 'ஃபான் த சியேக்ல்' தொகுப்பிலிருந்து வந்த 'நேஷனல் எக்ஸ்பிரஸ்' 1999-இல் பட்டியலின் 8-ஆம் இடம் வரை சென்று, இன்றளவும் குழுவின் மிகப் பெரிய வெற்றியாக இருக்கிறது. பிரிட்டனின் நெடுந்தூரப் பேருந்து நிறுவனத்தின் பெயரைக் கொண்ட இந்த உற்சாகமான பயணப் பாடல், நல்ல பாடல்தான். என்றாலும் குழுவை வேடிக்கைப் பாடல்காரர்களாகவே பலர் நினைவில் நிறுத்திவிட்ட தீங்கு அதனால் விளைந்தது. அத்தொகுப்பின் உண்மையான கனம் கடைசிப் பாடலான 'சன்ரைஸ்' என்பதில் இருக்கிறது. தேசியவாதிகள் டெரி என்றும் ஐக்கியவாதிகள் லண்டன்டெரி என்றும் அழைக்கும் பிறந்த ஊரையும், குண்டு வெடித்த எனிஸ்கிலனையும் ஹன்னன் முதன்முறையாக நேரடியாகப் பாடியது இதில்தான். வட அயர்லாந்தின் நெடுநாள் மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தான அதே ஆண்டில் வெளிவந்த இப்பாடல் எந்தப் பக்கத்தின் வழக்கையும் வாதாடாமல், ஊர்களின் பெயர்களுக்காகச் சிந்திய இரத்தத்தைத் துயரத்தோடு எண்ணிப் பார்த்து, விடியலின் மீதான நம்பிக்கையில் முடிகிறது. ஆங்கிலேயச் சாயலில் பாடுபவர் என்று ஹன்னனை ஐரிஷ் இசையிலிருந்து ஒதுக்கிவைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு பாடலையாவது கேட்க வேண்டும்.

செட்டாண்டாவை விட்டுப் பார்லோஃபோன் என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறியபின் 2001-இல் வந்த 'ரீஜெனரேஷன்' தொகுப்பில் சூட் போயிற்று, தலைமுடி வளர்ந்தது, கிட்டார்கள் முன்னுக்கு வந்தன. ரேடியோஹெட் குழுவின் தொகுப்புகளால் புகழ்பெற்ற நைஜல் காட்ரிச் அதைத் தயாரித்தார். ஒலித்தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை, சில பாடல்கள் உண்மையாகவே சிறந்தவை. ஆனால் மற்ற குழுக்களைப் போல ஒலிக்க வேண்டும் என்ற விருப்பம் இத்தனை தனித்தன்மை கொண்ட ஒருவரிடமிருந்து எதையெல்லாம் பறித்துவிடும் என்பதையும் அத்தொகுப்பு வெளிக்காட்டியது. அவ்வாண்டின் இறுதியில் உறுப்பினர்கள் கலைந்தனர், பெயர் மட்டும் ஹன்னனிடம் தங்கியது.

பல்லியத்துக்குத் திரும்பிய 2004-இன் 'ஆப்சென்ட் ஃபிரண்ட்ஸ்' தொகுப்பை அடுத்து, 2006-இல் 'விக்டரி ஃபார் தி காமிக் மியூஸ்' வந்தது. ஒதுக்கிவைத்த முதல் தொகுப்பின் பெயரையே சற்று மாற்றிச் சூடிக்கொண்ட இது, அவ்வாண்டின் சிறந்த ஐரிஷ் தொகுப்புக்கான சாய்ஸ் இசைப் பரிசைப் பெற்றது. அதிலுள்ள 'எ லேடி ஆஃப் எ சர்ட்டன் ஏஜ்' பாடல், மத்தியதரைக் கடலோரத்தில் செல்வச் செழிப்போடு வாழ்ந்து தனித்துப்போன மேட்டுக்குடிப் பெண் ஒருத்தியின் முழு வாழ்வையும் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவள் பிறரிடம் சொல்லும் தன் வயது, எழுபதிலிருந்து அறுபதுகளுக்கும் ஐம்பதுகளுக்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த எண்ணின் இறக்கம் ஒன்றே அவளுடைய தனிமையின் ஏற்றத்தை உணர்த்திவிடுகிறது. திரும்ப வரும் சிறிய அலகு ஒன்றைச் சிறிதே மாற்றிப் பொருளைப் பெருக்கும் முறை, 1994-இல் இசையில் பழகியது, இங்கே சொல்லுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

2010-இன் 'பேங் கோஸ் தி நைட்ஹுட்' முதல் தொகுப்புகள் ஹன்னனின் சொந்த நிறுவனத்திலிருந்தே வெளிவருகின்றன. அதற்கு முந்தைய ஆண்டில், பக்வாஷ் குழுவின் தாமஸ் வால்ஷோடு சேர்ந்து முழுக்க முழுக்கக் கிரிக்கெட்டைப் பற்றிய ஒரு தொகுப்பை அவர் வெளியிட்டதை இங்கே சொல்லாமல் விட முடியாது. மழையால் தடைபடும் ஆட்டத்தில் இலக்கைத் திருத்திக் கணக்கிடும் விதியின் பெயரையே சூடி, 'டக்வொர்த் லூயிஸ் மெதட்' என்று அவ்விருவரும் தங்களை அழைத்துக்கொண்டனர். 1993-இல் மான்செஸ்டரில் ஷேன் வார்ன் வீசிய, லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டிய அந்தப் பந்தை, ஆட்டமிழந்த மைக் கேட்டிங்கின் வாய்மொழியாகவே பாடும் 'ஜிகரி போகரி' அதில் தனிச்சிறப்புடையது. கிரிக்கெட்டை அந்நியரின் ஆட்டமாகவே நெடுங்காலம் கருதிய அயர்லாந்திலிருந்து இப்படி ஒரு தொகுப்பு வந்து, பாடலாசிரியர்களுக்குரிய ஐவர் நொவெல்லோ விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

2019-இன் 'ஆஃபிஸ் பாலிடிக்ஸ்' தொகுப்பில், மினிமலிசத்தின் முன்னோடிகளான ஃபிலிப் கிளாஸும் ஸ்டீவ் ரைக்கும் வறுமைக் காலத்தில் நியூயார்க்கில் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் தொழில் செய்ததைக் கருவாகக் கொண்டு, அவர்களுடைய பாணியிலேயே அமைந்த நீண்ட பாடல் ஒன்று உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நைமனிடம் பட்ட கடனை அவருக்கும் மூத்தவர்களிடம் ஹன்னன் தீர்த்த இடம் அது. அத்தொகுப்பு பிரிட்டனின் பட்டியலில் 5-ஆம் இடம் பெற்று, அதுவரை வந்த அவருடைய புதுப்பாடல் தொகுப்புகள் எதுவும் எட்டாத உயரத்தை அடைந்தது. 2023-இல் வெளியான 'வோங்கா' திரைப்படத்துக்குப் புதிய பாடல்களை எழுதியவர் ஹன்னன், பின்னணி இசை அமைத்தவர் ஜோபி டால்பட். சிலரே கேட்ட 'பிராமனேட்'டில் உடனுழைத்த இருவரும், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்த படத்தில் ஒருவர் வேலையை மற்றவர் தொடரும் நிலைக்கு வந்திருந்தனர்; அங்கும் ஹன்னன் தன் மெட்டுகளின் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவகத்தில் உருவாகி 2025 செப்டம்பரில் வந்த 'ரெய்னி சண்டே ஆஃப்டர்நூன்' குழுவின் பதின்மூன்றாம் தொகுப்பு. முதுமையில் நினைவிழந்த தந்தையைக் கடைசியாகச் சந்தித்ததைப் பற்றிய பாடலை அதில் கேட்கும்போது, இலக்கிய மாந்தர்களின் வேடத்தில் நின்று பாடியே பழகிய ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த பின் வேடம் எதுவுமின்றித் தன் குரலிலேயே பாடத் துணிந்திருப்பது தெளிவாகிறது.