ரிசல்ட்டைக் கையால்தான் தட்ட வேண்டுமா?

நெல்லிக்குப்பத்தில் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை என்று வையுங்கள். அனலைசர் பொட்டாசியம் 6.4 என்று காட்டுகிறது. டெக்னீஷியன் அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் தட்டும்போது 4.6 ஆகிவிட்டால்? 4.6 சாதாரணம். 6.4 இதயத்துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. மெஷின் சரியாகத்தான் சொன்னது, நடுவில் இருந்த விரல்தான் மாற்றிவிட்டது. (காலையிலேயே நூறு ட்யூப் பார்க்கிறவரைத் திட்டி என்ன பயன்?)

இதற்குத் தீர்வு ஒன்றும் புதிதல்ல. அனலைசரும் லேப் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ள ஏஎஸ்டிஎம் விதிமுறை 1991-லேயே வந்துவிட்டது. ட்யூபில் ஒட்டிய பார்கோடைப் படித்து, "இவருக்கு என்ன டெஸ்ட்?" என்று மெஷினே கேட்கும், முடிவையும் தானே அனுப்பும். பல மெஷின்களின் பின்னால் அதற்கான போர்ட் இருக்கும், ஒயர்தான் இருக்காது!

அடுத்து பெயர்க் குழப்பம். ஒரு லேபில் 'எஃப்பிஎஸ்', இன்னொன்றில் 'ஃபாஸ்டிங் சுகர்'. டாக்டருக்குப் புரியும். ஆனால் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. இதற்காகவே 1994-ல் லாயிங்க் குறியீடுகள் தொடங்கின. இந்திய அரசு 2016-ல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளிலும் அவை உண்டு. 2021-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் வந்தது. ஆனால் தப்பாகத் தட்டிய 4.6, எந்த ஊருக்குப் போனாலும் 4.6-தானே?

மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே சாஃப்ட்வேரோடு இணைத்துத் தர வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் அதற்குத் தனி பில் வரும்.