ஊரைக் கேளாமல் ஊருக்கு மானியமா?

பல்கலைக்கழகம் ஊருக்குக் கடமைப்பட்டதா, ஊர் பல்கலைக்கழகத்துக்குக் கடமைப்பட்டதா? வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் சார்பிலும், அந்நிலத்திற் பிறந்து படித்துப் பட்டம் பெற்றுத் தொழில் நடத்துவோர் சார்பிலும் இக்கேள்வியை இன்று பகிரங்கமாகக் கேட்கிறோம். "சமூக ஈடுபாடு" என்ற பெயரில் பல்கலைக்கழகங்களினூடாக வழங்கப்படும் சிறு மானியங்களைப் பற்றிய பேச்சு இன்று எங்கும் அடிபடுகிறது. பணம் சிறிது, பெயர் பெரிது. அந்தப் பணத்தால் ஊருக்கு என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் ஊருக்கு மட்டும் ஆசனம் இல்லை. நமது வழக்கு இதுதான்.

இம்மானியங்கள் நடக்கும் முறையை நாம் கண்டவரையில் கூறுவோம். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் வரும். விரிவுரையாளர் அதை நிரப்புவார். அவரை ஒத்த கல்விமான்கள் கூடி ஆராய்வார்கள். பணம் கைக்கு வரும்போது நிதியாண்டில் அரைவாசி போயிருக்கும். பின்பு அவசரம் அவசரமாக ஒரு கிராமம் தேடப்படும். பொதுநோக்கு மண்டபத்தில் பதாகை கட்டப்படும், வினாக்கொத்து நீட்டப்படும், தேநீர் பரிமாறப்படும், படம் எடுக்கப்படும். மாலையில் வாகனம் ஏ9 வீதியில் ஏறிவிடும். அறிக்கை எழுதப்படும், அது எங்கே போனதென்று வினாக்கொத்துக்கு விடையளித்த கமக்காரனுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வேறொருவர் அதே வினாக்கொத்தோடு வருவார். "போன வருடமும் வந்து எழுதிக்கொண்டு போனார்களே" என்று அவன் சொன்னால், அதுவும் ஒரு தரவாக எழுதப்படும்!

இதனால் நாம் மானியத்துக்கு விரோதிகள் என்று எவரும் கருதவேண்டாம். வெயிலையும் புழுதியையும் பாராது வயல் வரம்பில் நின்று உழைக்கும் விரிவுரையாளர்களை அறிவோம். சொந்தப் பணத்திற் பேருந்து ஏறிவரும் மாணவ மாணவியரையும் அறிவோம். நாம் குறைகூறுவது அவர்களையன்று. அவர்களுடைய நல்லெண்ணத்தை ஒருநாள் கூத்தாக்கிவிடும் ஒழுங்கையே குறைகூறுகிறோம்.

வன்னிக்குப் பல்கலைக்கழகம் தொலைவிலுள்ள பொருளன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இரணைமடுக் குளத்துக்கு அண்மையிலே, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. யப்பானும் இந்தியாவும் உதவி செய்து கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. வவுனியாவில் 1991ஆம் ஆண்டு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஒகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம் பம்பைமடுவில் நிற்கிறது. மதில் வந்துவிட்டது, மண்டபம் வந்துவிட்டது. மதிலுக்கு வெளியே நிற்பவனின் கேள்வி உள்ளே போவதற்கு ஒரு வாசல் வந்துவிட்டதா?

"கமக்காரன் கேட்பதற்கு அவன் என்ன பணம் கொடுத்தான்?" என்று சிலர் முணுமுணுக்கலாம். கொடுத்தான் ஐயா, கொடுத்தான்! 2024 சனவரி முதலாந் திகதி தொடக்கம் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் 18 ஆயிற்று. கடையில் வாங்கும் பொருளுக்கு அந்த வரியைக் கொடுக்கும்போது பேராசிரியர் வேறு, கூலிக்காரர் வேறு என்ற பேதம் இல்லை. இந்நாட்டின் இலவசக் கல்வி ஏழையின் வரியால் நிற்பது. உலக வங்கியிற் பெறும் கடனும் அவன் பிள்ளைகள் அடைக்கவேண்டிய கடனே.

கடனைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சுட்டுவோம். 2017ஆம் ஆண்டு உலக வங்கியின் 10 கோடி டொலர் உதவியோடு உயர்கல்வியை விரிவாக்கும் திட்டமொன்று தொடங்கிற்று. அதன் கீழ் ஆராய்ச்சிக்கு மானியம் இருந்தது. ஆராய்ச்சியைச் சந்தைப் பொருளாக்க மானியம் இருந்தது. பல்கலைக்கழகங்களில் வணிகத் தொடர்புக்கென்றே தனி அலகுகள் உண்டு. நல்லது, முதலாளி வந்து கதவைத் தட்டலாம். அதே தரத்திலே, அதே அதிகாரத்தோடு, கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் வந்து தட்டுவதற்கு ஓர் அலகு வேண்டாமா? வணிகனின் கேள்வி ஆராய்ச்சி. வயற்காரனின் கேள்வி முறைப்பாடா?

ஊரின் கேள்வி எத்தகையது என்பதற்கு இரணைமடுவே சாட்சி. 2010ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். குடிநீர் கேட்டவனும் தமிழன். வயல்நீர் கேட்டவனும் தமிழன். சிறுபோகத்திற்கே நீர் போதாத குளத்தில் மிச்சம் உண்டா, இல்லையா என்பதே தகராறு. அது அளந்து தீர்க்கவேண்டிய கேள்வி. ஆனால் கூட்டம் போட்டும் அறிக்கை விட்டும் ஆண்டுக்கணக்கில் வாதாடினோம். ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. வாய்க்கால் தோறும் நீர்மட்ட அளவுகோல் நட்டு, மாணவன் ஒருவனும் கமக்காரன் ஒருவனும் சேர்ந்து மூன்று போகம் குறித்துவைத்த பதிவேடு இருந்திருந்தால், இரு பகுதியாரும் நம்பும் ஓர் ஆவணம் மேசையில் இருந்திருக்கும். அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. சிறு மானியம் போதும்.

அதே குளம் 2018 டிசெம்பரிற் பெருகியபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கானோர் வீடுவாசல் விட்டு வெளியேறினர். வான்கதவுகள் எந்நேரம் திறக்கப்பட்டன என்ற கேள்வி விசாரணை வரைக்கும் போயிற்று. குளக்கட்டின் கீழே குடியிருப்பவன் தன் கையிலே ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் வைத்திருந்தால், விசாரணையில் அவன் வெறும் பாதிக்கப்பட்டவனாக நிற்கமாட்டான், சாட்சியாக நிற்பான். இந்த வித்தியாசம் எத்தகையதென்பதை நீதிமன்றப் படியேறியவர் அறிவர்.

2021ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. இரசாயன உர இறக்குமதி மே மாதத்தில் தடுக்கப்பட்டது. நவெம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. அதற்குள் காலபோக விதைப்பு வந்துவிட்டது; விளைச்சல் வீழ்ந்தது. கொழும்பிலிருந்து வந்த கட்டளைக்கு எதிராகக் கமக்காரன் தன் அநுபவத்தைச் சொன்னான். அநுபவம் எழுத்தில் இல்லையென்றால் அரசாங்கத்தின் காதில் ஏறாது. தன் மண்ணில் எந்த உரம் எவ்வளவு இட்டால் என்ன விளையும் என்ற கணக்கு, அவனும் விவசாய பீடமும் கூட்டாகக் கைச்சாத்திட்ட ஏடாக ஊர்தோறும் இருந்திருந்தால், அவன் குரலுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும்!

நிலத்தை எடுத்துக்கொள்வோம். வன்னியிற் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரத்தால் வழங்கப்பட்ட காணி. இடம்பெயர்வில் பத்திரம் தொலைந்தது; உரித்தாளி மறைந்தான்; மனைவியும் மகளும் எஞ்சினர். அச்சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆணுக்கிருந்த முன்னுரிமை 2022இலேதான் திருத்தப்பட்டது. போரினால் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தோர் பிறர் ஆட்சியுரிமையால் அதை இழந்துவிடாதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்கிட இரண்டாண்டுக் காலம் தந்தது. இச்சட்டங்கள் வந்த செய்தி ஒட்டுசுட்டானிலும் மாந்தையிலும் உள்ள விதவைத் தாயின் முற்றத்துக்கு உரிய காலத்திற் போயிற்றா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சட்டத்துறை உண்டு. சட்டம் பயிலும் பிள்ளைகள் உண்டு. பேருந்துக் கட்டணமும் படிவங்களும் ஒரு மேசையும் இருந்தால் காணிக் கச்சேரி தோறும் அவர்கள் உதவி நிலையம் நடத்தலாம். இதுவன்றோ குடிமைப் பணி!

நாம் கேட்பது உலகம் காணாத புதுமையன்று. அமெரிக்காவில் 1862இல் அரச நிலத்தின் வருவாயைக் கொண்டு விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழிசெய்தார்கள். 1914இல் அக்கல்லூரிகளின் அறிவைப் பண்ணைக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கச் சேவைக்குச் சட்டம் செய்தார்கள். ஒல்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970களில் "அறிவியற் கடை" என்ற ஏற்பாடு பிறந்தது. பணமற்ற சங்கங்கள் கேள்வியைக் கொண்டுவரும், மாணவர் ஆராய்ந்து விடை கொடுப்பர். தமிழ்நாட்டிலே திண்டுக்கல்லுக்கு அருகிற் காந்திகிராமம் 1956இற் கிராமிய உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கி, 1976இற் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் 37இல் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் ஆரம்பமாயிற்று. குறைகள் அங்கும் உண்டு. ஆயினும் ஊருக்குப் பணிசெய்வது ஒருநாள் விழாவன்று, கல்வியின் ஓர் அங்கம் என்பதை அவை ஒப்புக்கொண்டன.

நம்மை மறுப்போர் சொல்வது யாது? "ஊரவருக்கு ஆராய்ச்சிக் கேள்வி கேட்கத் தெரியாது" என்பர். குளம் ஏன் வற்றுகிறது, கிணறு ஏன் உவர்க்கிறது, யானை ஏன் இவ்வழி வருகிறது என்பவை கேள்விகள் அல்லவோ? அவற்றை ஆராய்ச்சி மொழியிற் செப்பனிடுவது படித்தவன் கடமை. "இத்தனை சிறிய தொகைக்கு இத்தனை ஆரவாரமா?" என்பர். பெருந்தொகை வரும்போது அதனோடு பெரிய எசமானும் வருவான். சிறு தொகையிலேதான் ஊர் தன் சொந்தப் புத்தியை நடத்திப்பார்க்க முடியும். ஆகவேதான் அதைக் காக்கிறோம். "கல்விச் சுதந்திரத்தில் தலையிடுகிறீர்கள்" என்பர். விரிவுரையாளர் தம் ஆய்வைத் தாம் விரும்பியபடி நடத்தட்டும், குறுக்கே நில்லோம். ஆனால் ஊரின் பெயரால் பணம் பெற்றால் ஊருக்குக் கணக்குச் சொல்வது சுதந்திரத்துக்கு இழுக்கல்ல. "கணக்காய்வு விதி இடந்தராது" என்பர். விதியை மனிதன் செய்தான், மனிதன் திருத்தலாம்.

ஆகவே நமது கோரிக்கைகளை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, கேள்வி ஊரிலிருந்து எழவேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கையொப்பமும் தீர்மானமும் இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படலாகாது.

இரண்டாவது, மானியத்தை வழங்கும் குழுவில் ஊரார் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். பார்வையாளராக நாற்காலி போடுவது இடமாகாது.

மூன்றாவது, காலம் நிதியாண்டுக் கணக்கிலன்று, போகக் கணக்கில் அமையவேண்டும். ஒரு காலபோகத்தையும் ஒரு சிறுபோகத்தையும் காணாத திட்டம் வன்னியைக் கண்டதாகாது.

நான்காவது, ஊரவன் கொடுக்கும் நேரத்துக்கும் உழைப்புக்கும் ஊதியம் வேண்டும். தேநீர் ஊதியமன்று.

ஐந்தாவது, முடிவு எதுவாயினும் தமிழில் எழுதி, அந்த ஊரிலேயே கூட்டம் கூட்டி வாசித்து, ஒரு பிரதியைச் சங்கத்தின் பெட்டகத்தில் வைக்கவேண்டும். அதன் பின்னரே இறுதித் தவணைப் பணம் விடுவிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாகத்துக்கும் பொதுப் பதிவேடுகளுக்கும் உரிய மொழி தமிழ் என்று விதிக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் உலகுக்குப் போகட்டும். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பயிலும் சிங்கள மாணவரும் ஊருக்கு வரட்டும். வன்னியின் கதையை அவர்களும் நேரிற் கேட்கட்டும். ஆனால் எங்கள் கிணற்று நீரில் என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிவைப்பது எந்த நீதியின்பாற்பட்டது?

சட்டம் இன்னொரு கருவியையும் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டும். ஒரு விண்ணப்பம் எழுதினால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பெயரால் எத்தனை மானியங்கள் வழங்கப்பட்டன? தொகை எவ்வளவு? எந்தக் கிராமம்? அறிக்கை எந்த மொழியில்? ஊருக்குப் பிரதி கொடுக்கப்பட்டதா? ஐந்தே கேள்விகள், ஒரு தாள் போதும்.

கமக்கார நண்பர்களே! அடுத்த காலபோகக் கூட்டத்தில், நீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும்போது, உங்கள் ஊரின் மூன்று கேள்விகளையும் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். சட்டத்தரணிகளே, மருத்துவர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! அக்கேள்விகளைச் செப்பனிட ஊருக்கு ஒருவராக முன்வாருங்கள். துணைவேந்தர்களே, பேரவை உறுப்பினர்களே! அந்தக் கடிதம் வரும்போது அதற்கு இலக்கமிட்டு விடை எழுதுங்கள்.

போரிலே எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பின் வெறுங்கையோடு திரும்பி, காடு மூடிய வயலை மறுபடியும் வயலாக்கியவர்கள் இம்மக்கள். அவர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர்கள் பக்கத்தில் அமர்ந்து எழுதுவதற்கு ஆள் வேண்டும். எழுதியதை அவர்கள் கையிற் கொடுப்பதற்கு மனம் வேண்டும். ஊரின் பெயரால் வரும் பணத்துக்கு ஊரே முதற் கணக்காளன். அக்கணக்கைக் கேட்போம், எழுத்திற் கேட்போம், விடை வரும்வரை கேட்போம்.