குணமடைந்தவர்க்கு ஊரில் ஓர் இடம்

மனோவியாதியால் பீடிக்கப்பட்ட ஒருவரை மருந்தினாலும் பராமரிப்பினாலும் தெளிவடையச் செய்வது மருத்துவ சாஸ்திரத்தின் காரியம் என்பதும், அந்தச் சாஸ்திரம் சென்ற எழுபது ஆண்டுகளில் இவ்விஷயத்தில் கணிசமான வெற்றி கண்டிருக்கிறது என்பதும் இன்று விவாதத்துக்கு உரியன அல்ல. ஆனால் அவ்வாறு தெளிவடைந்தவர் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுகிற நாளில் எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு, என்ன ஜீவனோபாயத்தை நம்பிப் போவார் என்ற கேள்விக்கு நம் அரசாங்கமும் சமூகமும் இன்னும் நேரான விடை சொன்னதில்லை. மனநலம் என்று பேச்செடுத்தால் புதிய கட்டடத்தையும் கூடுதல் படுக்கைகளையும் பற்றிப் பேசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அவையும் வேண்டியவையே. ஆயினும் மனநலத்துக்கென இனி ஒதுக்கப்படும் பணத்தில் பெரும்பகுதி, நோயாளி பிறந்து வளர்ந்து மீண்டும் வாழ வேண்டிய தெருவிலேயே செலவாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய குறை இல்லை. 2017ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை ஊரிலிருந்து விலக்கி வைக்க வேண்டிய ஓர் அபாயமாகக் கருதிய பழைய மனோபாவத்தைக் கைவிட்டு, அவரை உரிமைகள் உடைய ஒரு பிரஜையாக அங்கீகரித்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை, எந்த விதத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாதென்று தடுத்தது. குடும்பம் இல்லை, அல்லது இருந்தும் ஏற்க மறுக்கிறது, போக வீடில்லை, ஊரில் தக்க வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே தொடர்ந்து இருத்தி வைக்கலாகாது என்று அதன் 19ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. குறைந்தபட்ச மனநல சேவைகள் அரசாங்கத்தின் வாயிலாக ஒரு மாவட்டத்தில் கிடைக்கவில்லையெனில், அங்குள்ள நோயாளி அதே மாவட்டத்தில் வேறோர் இடத்தில் சிகிச்சை பெறலாம் என்றும், அச்செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்றும் 18ஆம் பிரிவு விதிக்கிறது. இவ்வளவு தாராளமான வாசகங்களைக் கொண்ட சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான், குணமடைந்த பின்னும் போக்கிடம் இல்லாமல் நிலையங்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருப்போரை நாம் காண்கிறோம்.

ஊரோடு சேர்த்து வைத்துச் சிகிச்சை அளிப்பது அந்நிய தேசத்திலிருந்து நேற்று இறக்குமதியான கருத்து என்று யாரேனும் எண்ணினால், தமிழ்நாட்டின் மனநல சரித்திரத்தை அவர்கள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். 1794இல் சென்னையில் ஒரு சிறு தனியார் விடுதியாகத் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த அரசாங்க மனநல மருத்துவமனை, நெடுங்காலம் உள்ளே போனவர் வெளியே வராத இடமென்றே ஜனங்களால் அஞ்சப்பட்டது. 1961இல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்று 1978 வரை வகித்த டாக்டர் சாரதா மேனன், புறநோயாளர் சிகிச்சையை விரிவுபடுத்தியும், நோயாளிகளுக்குத் தொழில் பழக்கியும், உறவினர்களைச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தும் அந்த அச்சத்தை அடிப்படையிலேயே அசைக்க முயன்றார். ஓய்வு பெற்ற பின் 1984இல் ஸ்கார்ஃப் என்ற ஸ்தாபனத்தை நிறுவி, மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டவர்களின் மறுவாழ்வுக்கே எஞ்சிய ஆயுளைச் செலவிட்டார். வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிப் பராமரிப்பு முறைகளைக் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை 1950களிலேயே கைக்கொண்டது. ஆகவே, இந்தத் துறையில் நமக்கு முன்னுதாரணங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன.

ஊரார் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் இங்கேயே உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். சுப்ரீம் கோர்ட் தானாகவே முன்வந்து அவ்வழக்கை விசாரித்தது. அனுமதியற்ற காப்பகங்கள் மூடப்பட்டன. அதன் பிறகும் நோயுற்றவரை அழைத்துக்கொண்டு ஜனங்கள் ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை மூடநம்பிக்கை உடையவர்கள் என்று இகழ்வது சுலபம். ஆனால் அத்தலங்களில் கேள்வி கேட்காமல் இடம் தருகிறார்கள், உடன் வந்தவரையும் சேர்த்து ஏற்கிறார்கள், இன்ன நோய் என்று முத்திரை குத்துவதில்லை என்ற மூன்று சௌகரியங்களையும் நம் ஆஸ்பத்திரிகள் அளித்திருந்தால், அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்பதை யோசிக்க வேண்டும். பிரார்த்தனையைத் தடுக்காமல் அதன் அருகிலேயே மருந்தையும் வைத்து, தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரை அமர்த்திய ஏற்பாடு விவேகமானது. விலங்கு மட்டும் எங்கும் அனுமதிக்கப்படலாகாது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மருந்து. தேசிய மனநலத் திட்டம் 1982இல் பிறந்தது. பெல்லாரியில் நடந்த பரிசோதனையின் அனுபவத்தை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வகுக்கப்பட்டு, தமிழ்நாட்டில் முதலில் திருச்சியிலும் பின்னர் பிற மாவட்டங்களிலும் நடைமுறைக்கு வந்தது. எனினும், 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலப் பாதிப்புற்றோரில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் சிகிச்சையின்றி இருந்தமை வெளியாயிற்று. கிராமத்து நோயாளி ஒருவர் மாதந்தோறும் தாலூகா ஆஸ்பத்திரிக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போக வேண்டுமெனில், அவரோடு துணைக்குச் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. போய்ச் சேர்ந்தால், மருத்துவர் அன்று வேறு ஊர் முகாமுக்குப் போயிருக்கலாம்; எழுதிக் கொடுத்த மாத்திரை இருப்பில் இல்லாமலும் இருக்கலாம். மாத்திரை தரும் மயக்கமும் உடற்பருமனும் கைநடுக்கமும் ஒரு பக்கம் வெறுப்பூட்ட, ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற எண்ணம் மறுபக்கம் தைரியமூட்ட, இரண்டு மாதம் மருந்து நின்றுபோகிறது; மூன்றாவது மாதத்தில் தூக்கம் கெட்டு, சந்தேகங்கள் தலைதூக்கி, பழைய நோய் திரும்பிவிடுகிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்று அப்போது குடும்பம் முடிவு கட்டுகிறது. உண்மையில் பலிக்காமற்போனது மருந்து வந்து சேரும் வழிதான்.

இந்த வழியைச் செப்பனிட நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் பெண் சுகாதாரத் தொண்டர்களின் கைவழியே வீடு தேடிச் சென்றுகொண்டிருக்கின்றன. மனச்சிதைவுக்கும் இருதுருவ மனநோய்க்கும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் அதே பையில் எல்லா ஊர்களுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை ஒருநாளும் தீர்ந்துபோகலாகாது. மருந்து வாங்க வராமல் நின்றுவிட்டவரைத் தேடிப் போய் விசாரிப்பது ஒருவருடைய பொறுப்பாக எழுதி வைக்கப்பட வேண்டும். சர்க்கரைக்கு மருந்து தின்பதில் வெட்கமில்லை என்ற நிலை வந்தது போல மனநோய்க்கும் வருவதற்கு, இரண்டும் ஒரே கையால் ஒரே வாசலில் கொடுக்கப்படுவதைக் காட்டிலும் சிறந்த பிரசாரம் வேறில்லை.

மருந்தை அடுத்து வேண்டுவது மனிதர். லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத இத்தேசத்தில், எல்லாவற்றையும் நிபுணரே செய்ய வேண்டும் என்று காத்திருப்பது, ஒன்றையும் செய்யாமலிருப்பதற்கு ஒரு கௌரவமான சாக்காகத்தான் முடியும். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு உடைய 282 பேரிடையே நடைபெற்று, 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று துணை நின்றபோது, ஆஸ்பத்திரிச் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட அத்துணையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஓரளவு கூடுதலான நன்மை உண்டாயிற்று என்றும், அந்த நன்மை தமிழ்நாட்டில் அதிகமாகத் தென்பட்டது என்றும் அறிகிறோம். அத்தகைய பணியாளருக்குத் தொண்டர் என்ற பட்டத்தை மட்டும் அளித்து, குடும்பம் நடத்தப் போதாத ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொள்வது நியாயமன்று. நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான சம்பளம் வேண்டும்.

மூன்றாவதாக நான் சொல்ல வருவது வீட்டைப் பற்றி. தெருவில் திரியும் மனநோயாளிகளை மீட்டுச் சிகிச்சை அளிக்க மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் ஏற்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் மீட்கப்பட்டவருக்கு உறவினர் கிடைக்காதபோது மீட்பு பாதியில் நின்றுவிடுகிறது. 1993இல் சென்னையில் தோன்றிய ‘பானியன்’ என்ற ஸ்தாபனம், ‘ஹோம் அகைன்’ என்ற பெயரில், நெடுநாள் நிலையவாசிகளாக இருந்தவர்களில் நாலைந்து பேரைச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்து, உதவிக்கு ஒரு பணியாளரையும் அமர்த்தி, அவர்களே கடைக்குப் போகவும் சமைக்கவும் அண்டை வீட்டாரோடு பழகவும் வழி செய்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் இத்திட்டம் ஒரு சிறந்த முன்மாதிரியாக இடம்பெற்றது. உலகம் மெச்சிய காரியம் நம் நகரசபைகளின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் இருக்கலாமா? வீட்டு வாடகைக்கு ஒரு மானியம், மாற்றுத்திறனாளி சான்றைச் சிரமமின்றிப் பெற ஓர் ஏற்பாடு, உள்ளாட்சி வேலைகளில் ஒரு சிறு பங்கு ஆகியவை கிடைத்தால், இன்று நிலையங்களில் காலம் கழிக்கும் பலர் நாளை வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர்களாக மாறிவிடுவார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும்: ஆஸ்பத்திரிகளைக் குறைத்து ஊரை நம்பச் சொல்வது, அரசாங்கம் தன் கடமையைக் கை கழுவுவதற்கு வழி காட்டுவதாகாதா என்று. ஆட்சேபம் நியாயமானது, சரித்திரமும் அதற்குச் சாட்சி கூறுகிறது. 1955இல் அமெரிக்க மாகாண மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1963இல் சமூக மனநல மையங்களை அமைக்கச் சட்டம் பிறந்தது. மருத்துவமனைகள் காலியான வேகத்தில் மையங்கள் எழவில்லை. வெளியே வந்தவர்களில் அநேகர் வீதிகளிலும் சிறைகளிலும் போய்ச் சேர்ந்தனர். ஆகையால் நான் கேட்பது சிக்கனமன்று. மருத்துவமனை வார்டுக்குச் செலவாகும் பணம் நோயாளியைத் தொடர்ந்து ஊருக்கு வர வேண்டும். ஊரில் ஏற்பாடு முதலில் நிலைபெற்ற பின்னரே மருத்துவமனையில் படுக்கை குறைய வேண்டும்.

அதுவரை இப்பாரம் முழுவதையும் சுமப்பது குடும்பம், குறிப்பாகத் தாயார். அறுபது எழுபது வயதைக் கடந்த எத்தனையோ தாய்மார்கள், ‘என் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்று மருத்துவரிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை எழுத முடியாது. அடுத்த முறை சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை சட்டசபையில் விவாதத்துக்கு வரும்போது, பன்னிரண்டு மாதமும் தடையின்றி மருந்து பெற்ற மனநோயாளிகள் எத்தனை பேர், குணமடைந்தும் போக்கிடமின்றி நிலையங்களில் இருப்போர் எத்தனை பேர் என்ற இரு விவரங்களை மாவட்டவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சிட வேண்டுமென்று ஒவ்வொரு தொகுதி உறுப்பினரும் கேட்பாராக. அவர் கேட்பதற்கு முன்னால் அவரிடம் போய்க் கேட்க வேண்டியவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாருமே. வெட்கத்தினால் இத்தனை காலம் மௌனமாக இருந்த அவர்களோடு, நோய் அண்டாத வீட்டார்களும் சேர்ந்து மனுவில் கையெழுத்திட முன்வருவார்களானால், இந்த ஆண்டே அந்த இரு விவரங்களும் அச்சேறிவிடும்.