சிவப்பு லைட் மின்னினால் மட்டும் சாட்சி ஆகிவிடாது



கொஞ்சம் நீளமான பதிவு. வேன், ஓட்டோ, கார் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் அனுப்பும் பெற்றோரும், போன் கடை நடத்தும் சகோதரர்களும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கொமெண்டில் திட்டலாம். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். நம் ஊர் வாகனங்களில் கெமரா இருக்கிறது, பதிவு இல்லை. லீசிங் போட்டு வாகனம் எடுக்கிறோம். சீட் கவர், அலோய் வீல், கண்ணாடியில் ஸ்டிக்கர் என்று காசு போகிறது. கெமராவுக்குள் போடும் மெமரி கார்ட் என்று வந்ததும், பழைய போனிலிருந்து கழற்றிய கார்ட் போதும் என்கிறோம். இல்லையென்றால் சந்தியில் ஆகக் குறைந்த விலைக்கு எது கிடைக்குமோ அது. பிறகு கண்ணாடியில் சிவப்பு லைட் மின்னுவதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டுகிறோம்.

இது சிக்கனம் இல்லை. நம்மை நாமே ஏமாற்றுவது. அந்தக் கார்டை தெரிந்துகொண்டே விற்பவர் செய்வது அப்பட்டமான மோசடி.

கடந்த தவணையில் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் போகும் வேன் ஒன்றில், பின்னால் எடுத்த லொறி வந்து இடித்தது. ஒரு மாணவனுக்குக் கை முறிந்தது. வேன்காரத் தம்பி நின்ற இடத்திலேயே நின்றதாகச் சொன்னார். லொறிக்காரர், வேன்தான் திடீரென்று பின்னால் நுழைந்தது என்றார். லொறிப் பக்கம் பேச ஆள் அதிகம். வேன் பக்கம் அழும் பிள்ளைகள்தான். "கெமரா இருக்கு சேர், எல்லாம் பதிவாகியிருக்கும்" என்று அந்தத் தம்பி என்னிடம் தைரியமாகச் சொன்னார். கார்டை எடுத்து என் மடிக்கணினியில் போட்டோம். பைல்கள் வரிசையாக இருந்தன. பெயர் இருந்தது, திகதி இருந்தது, அளவும் இருந்தது. திறந்தால் ஒன்றுமே ஓடவில்லை. ஓடிய கடைசிப் பைல் ஏழு மாதத்துக்கு முந்தியது. வேன் திருத்தும் செலவுக்கும் பிள்ளையின் வைத்தியச் செலவுக்கும் மனைவியின் நகை அடகுக்குப் போனது. அந்தக் கார்டின் மேல் 512 ஜீபீ என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. சோதித்துப் பார்த்தால் உண்மையான அளவு 32 ஜீபீ கூட வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றின் அட்டையில் 400 பக்கம் என்று அச்சடித்து விற்றால் என்ன நடக்கும்? நாற்பதாம் பக்கம் முடிந்ததும் பிள்ளை எங்கே எழுதும்? போலிக் கார்டும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி, "நான் 512" என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கெமராவும் கம்ப்யூட்டரும் அதை நம்புகின்றன. உண்மையான இடம் முடிந்த பிறகு வருவதெல்லாம் பழையதின் மேல் விழும், அல்லது காற்றில் போகும். பைலின் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். போனில் நாலு படம் வைத்திருப்பவருக்கு இது வருடக் கணக்கில் தெரியவராது. ஓயாமல் எழுதும் வாகனக் கெமராவில் சில நாட்களிலேயே பதிவு கெட்டுவிடும். ஆனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. விபத்து நடந்த அன்றுதான் பார்க்கிறோம்.

சரி, போலி இல்லாத நல்ல கம்பனிக் கார்ட் என்றால் போதுமா? அதுவும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முழு எச்டீயில் பதியும் சாதாரண கெமரா ஒன்று, செக்கனுக்கு 15 மெகாபிட் என்று வைத்தால், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜீபீ எழுதும். முன்னும் பின்னும் இரண்டு கெமரா என்றால் 13.5 ஜீபீ. அப்படியானால் 32 ஜீபீ கார்டில் நிற்பது இரண்டு மணித்தியாலமும் சொச்சமும்தான். காலையில் யாராவது உரசிவிட்டுப் போனதை பின்னேரம் வீட்டுக்கு வந்து தேடினால், அந்தக் காட்சியின் மேல் புதுப் பதிவு ஏறி முடிந்திருக்கும். கல்முனையிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கு இரவுப் பயணம் போகிறவர், பாதி வழி தாண்டுவதற்குள் புறப்பட்ட இடத்துப் பதிவை இழந்துவிடுவார்.

அடுத்தது தேய்மானம். இந்தக் கார்ட்களின் உள்ளே இருக்கும் நினைவுக் கலங்கள் அழித்து அழித்து எழுத எழுதத் தேயும். இன்று சந்தையில் பரவலாக உள்ள வகை, கூடக்குறைய ஆயிரம் தடவையிலிருந்து மூவாயிரம் தடவை வரைதான் தாங்கும். மலிவானது அதற்கும் குறைவு. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓடும் வேன், இரண்டு கெமராவோடு, 81 ஜீபீ எழுதுகிறது. 32 ஜீபீ கார்டை அது ஒரே நாளில் இரண்டரைத் தடவை நிரப்பி அழிக்கிறது. வருடத்தில் 300 நாள் என்றால் 760 தடவை. இரண்டாவது வருடத்தை அந்தக் கார்ட் ஒழுங்காகப் பார்ப்பது சந்தேகம். அதே வேலையை 128 ஜீபீ கார்ட் செய்தால் வருடத்துக்கு 190 தடவைதான் நிரம்பும். பெரிய கார்டில் அதிக நேரம் நிற்கும் என்பதோடு, கார்டின் ஆயுளும் கூடும். "எனக்கு அவ்வளவு தேவையில்ல" என்பவர் இந்த இரண்டாவது காரணத்தை யோசிப்பதே இல்லை.

இதற்கென்றே "எண்டியூரன்ஸ்" என்று பெயர் போட்ட கார்ட்கள் வருகின்றன. சான்டிஸ்கின் ஹை எண்டியூரன்ஸ், சம்சுங்கின் ப்ரோ எண்டியூரன்ஸ் போன்றவை. எத்தனை மணித்தியாலப் பதிவைத் தாங்கும் என்று கம்பனியே சொல்கிறது. ஹை எண்டியூரன்ஸ் 64 ஜீபீ என்றால் 5,000 மணித்தியாலம், 128 ஜீபீ என்றால் 10,000 மணித்தியாலம். சாதாரணக் கார்டுக்கு அப்படி ஒரு கணக்கு தரமாட்டார்கள். பெரிய கம்பனிகள் சில, தங்கள் சாதாரணக் கார்டை வாகனக் கெமராவிலோ சீசீடீவியிலோ போட்டால் வொரண்டி இல்லை என்றே எழுதி வைத்திருக்கின்றன. பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

பெட்டியில் பெரிதாக இருக்கும் வேகத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். "செக்கனுக்கு 100 எம்பீ" என்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். கெமராவுக்குத் தேவை எழுதும் வேகம், அதுவும் இடைவிடாமல் எழுதும் வேகம். அதற்கு கார்டின் மேல் சின்னதாக இருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். யூ என்ற எழுத்துக்குள் 3, அல்லது வீ30. இரண்டும் செக்கனுக்கு ஆகக் குறைந்தது 30 எம்பீ எழுதும் என்ற உறுதி. சாதாரண எச்டீக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்று கெமரா, 4கே என்று போகிறவர்களுக்கு அது வேண்டும்.

வாகனத்தோடு சேர்ந்தே வரும் கெமராக்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, கெமரா உள்ளேயே பொருத்திய வாகனங்கள் நம் பக்கமும் வருகின்றன. "கம்பனியே போட்டது, நாம ஒண்டும் செய்யத் தேவையில்ல" என்ற எண்ணம் பரவுகிறது. தவறு. கெமரா கம்பனியுடையது, பதிவை வைக்கும் கார்ட் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. டெஸ்லா போன்ற கம்பனியே தன் கையேட்டில், யூஎஸ்பீயில் செருகும் ட்ரைவ் ஆகக் குறைந்தது 64 ஜீபீ இருக்க வேண்டும், செக்கனுக்கு 4 எம்பீ தொடர்ச்சியாக எழுத வேண்டும் என்று சொல்கிறது. பெட்டியில் போட்ட உச்ச வேகத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. பாட்டு போட்டுக் கேட்ட பழைய பென் ட்ரைவைச் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர் தன் வாகனத்தின் கையேட்டை ஒரு முறை திறக்கட்டும்.

ஜப்பானிலிருந்து பாவித்து வந்த வாகனம் என்றால் இன்னொரு கூத்து. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண்குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணக் கார்ட் செருகப்படவில்லை என்று சொல்கிறது. அது நமக்குத் தேவையில்லை என்பதால் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். கெமராவின் கார்ட் பழுது என்று இன்னொரு குரல் சொன்னாலும் அதே பழக்கத்தில் "அது அப்படித்தான் கத்தும்" என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது போன் கடைச் சகோதரர்களே, உங்களோடு பேச வேண்டும்.

"எங்களுக்கும் தெரியாது சேர், கொழும்பிலிருந்து வருவதைத்தான் விற்கிறோம்" என்கிறீர்கள். 32 ஜீபீயின் விலைக்கு 512 ஜீபீ எப்படி வரும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லையா? நிறுவையில் ஐம்பது கிராம் குறைத்தவனைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறோம். 32ஐ 512 என்று விற்பது எந்த நிறுவையில் சேரும்? அளவில் மோசடி செய்பவர்களைப் பற்றி ஒரு ஸூராவே இருக்கும் மார்க்கம் நம்முடையது. பருப்புக்கும் சீனிக்கும் மட்டும்தான் அது என்று யார் சொன்னது?

தெரியாது என்றால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்ட் முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு எஃப்3 இருக்கிறது. 128 ஜீபீ கார்டுக்குச் சில மணித்தியாலம் எடுக்கும். வந்த சரக்கில் ஒன்றை இரவு கடை மூடும்போது போட்டுவிட்டுப் போங்கள், காலையில் பதில் இருக்கும். போலி என்றால் திருப்பி அனுப்புங்கள். பில் கொடுங்கள். பில்லில் அளவை எழுதுங்கள். நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதற்கு எதிராக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்குகிறவர்களும் தப்ப முடியாது. ஒரு டெராபைட் கார்டை ஆயிரத்து ஐநூறுக்குக் கேட்டு நிற்பவர் நாம்தானே? நல்லதை வைத்திருக்கும் கடைக்காரரிடம் "அங்க இதைவிடக் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் நாம்தான். நேர்மையானவனைத் தோற்கடித்துவிட்டு மோசடிக்காரனைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

"விபத்து நடந்தா பொலிஸ் பாத்துக்கும், கெமரா எதுக்கு?" என்று ஒரு காக்கா கேட்டார். நம் வீதியில் விபத்து நடந்தால் முதலில் வருவது கூட்டம். அடுத்தது பேஸ்புக் லைவ். பெரிய வாகனக்காரருக்கும் நாலு பேரைத் தெரிந்தவருக்கும் சாட்சி தேவைப்படாது. ஓட்டோக்காரருக்கும், மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவருக்கும், ஸ்கூல் வேன் தம்பிக்கும்தான் தேவைப்படும். சட்டமும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியங்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவ நேரத்திலேயே பதிவானதை நீதிமன்றில் சமர்ப்பிக்க வழி செய்கிறது. ஆனால் கருவி சரியாக இயங்கியிருக்க வேண்டும், பதிவு மாற்றப்படாமல் இருக்க வேண்டும். தேய்ந்துபோன கார்டோடு அந்தக் கதவில் நுழைய முடியாது. பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டி பேஸ்புக்கில் விட்டதை மட்டும் கையில் வைத்திருப்பவரும் சிக்கலில்தான் நிற்பார். விபத்து நடந்தால் கெமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி, பிரதி எடுத்துவிட்டு, மூலத்தை அப்படியே வையுங்கள். ஓடவிட்டால் அதுவே தன் மேல் எழுதி அழித்துவிடும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கெமரா எத்தனை ஜீபீ வரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். பழைய கெமரா சில 32க்கு மேல் எடுக்காது. ஏற்குமானால் எண்டியூரன்ஸ் வகையில் 128 ஜீபீ வாங்குங்கள். பெயர் போன கம்பனிக்கும் போலி இருக்கிறது, ஆகவே வாங்கியதும் சோதியுங்கள். பிறகு கெமராவுக்குள்ளேயே போர்மட் செய்யுங்கள். மாதம் ஒரு முறை அதைத் திரும்பச் செய்யுங்கள். நம் வீதிக் குழிகளில் விழும்போதெல்லாம் விபத்து என்று நினைத்து கெமரா பைலைப் பூட்டி வைக்கும். பூட்டிய பைல்கள் நிரம்பினால் புதியதுக்கு இடம் இராது. அந்த உணர்திறனையும் குறைத்து வையுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு, பெரும்பாலும் வேனுக்கு ஒரு முறை டீசல் நிரப்பும் காசுக்குள் அடங்கும்.

பெற்றோரே, "வேனில கெமரா இருக்கா?" என்று கேட்பதை விடுங்கள். எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "தம்பி, நேற்றுப் பின்னேரப் பதிவை போன்ல போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடிந்தால் அந்த வேனில் கெமரா இருக்கிறது. காட்ட முடியாவிட்டால் அவரைத் திட்டாதீர்கள். அந்த வேனில் போகும் பத்துப் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் ஆளுக்குச் சில நூறு ரூபாய் போட்டால் நல்ல கார்ட் வந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் கேளுங்கள்.

கடைக்காரர்களில் யாராவது "எங்கள் கடையில் சோதித்த கார்ட் மட்டும்தான்" என்று முன்வந்தால் கொமெண்டில் எழுதுங்கள். அதை நானே பகிர்கிறேன்.