முதுமையும் மூளையும்

"வயதானால் மறதி வரத்தான் செய்யும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஏற்கமாட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் என் தாத்தா ஐம்பது ஆண்டுகள் பட்டு நெய்தவர். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. எதிர்க்கரைக்குத் துணையாக ஓர் ஆள். இழைக்கணக்கு முழுவதும் மனத்திலேயே! எழுதப் படிக்கத் தெரியாத அவர் கணக்கில் என்னைத் தோற்கடிப்பார். முழங்கால் வலியால் தறிக்குழியை விட்டு ஏறியபின் திண்ணையே கதி. கேட்டதற்கு மறுமொழி இல்லை. மறதி என்றெண்ணிப் பேச்சையே குறைத்துக்கொண்டோம். உண்மையில் அவருக்குக் காது மந்தம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நானும் அதை உணரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கேள்விக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, இளமையில் கல்வியின்மை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் கூறியது. அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருகிறது. காதுக்கு நாம்தான் அழைத்துச் செல்லவேண்டும்.

சென்றோம். கருவி பொருத்தியும் சில பெயர்கள் மறக்கத்தான் செய்கின்றன. ஆனால் மாலைதோறும் என் தம்பிக்கு இழைக்கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். தப்பினால் திட்டும் உண்டு.