வாளோடு அரத்தையும் கொடுங்கள்

இறைவாக்கினர் எலிசாவின் சீடர்கள் குடியிருக்க இடம் போதாமல், மரம் வெட்டிவந்து வீடு கட்டுவதற்காக யோர்தான் கரைக்குப் போன நிகழ்ச்சி அரசர்கள் இரண்டாம் நூலில் உண்டு. அங்கே ஒருவருடைய கோடரி கழன்று ஆற்றுக்குள் விழுந்துவிடுகிறது. இரும்பு போய்விட்டதே என்பது மட்டுமல்ல அவருடைய கவலை. அது இரவல் வாங்கிய கோடரி.

இரவல் கருவியோடு வீடு கட்டப் போனவரின் கலக்கத்தை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது இருபது, முப்பது வருடங்கள் கழித்துத் திரும்பினார்கள். 2009 இல் போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்கள் அடுத்து வந்த வருடங்களில் வன்னிக்குத் திரும்பினார்கள். இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வளவுகளில் இருப்போரும் உளர். திரும்பியவர்களில் பலர் தமது தோட்டத்தைக் காணவில்லை. விடத்தலும் நாயுண்ணியும் மூடி, நடுவே பெருமரங்கள் எழுந்த காட்டையே கண்டார்கள்.

கத்தியும் கோடரியும் மட்டும் கொண்டு அந்தக் காட்டை வெளியாக்கப் பல மாதங்கள் செல்லும். ஆகவே சங்கிலி வாள் எமது கிராமங்களுக்குள் வந்தது. சில இடங்களில் வாழ்வாதார உதவியாகச் சங்கத்துக்குக் கிடைத்தது. சில இடங்களில் நாலைந்து குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கின. ஆனால் ஒரு போகம் முடிவதற்குள் அந்த வாள் கொட்டில் மூலையில் சாக்கால் மூடிக்கிடப்பதை எத்தனை ஊர்களில் காண்கிறோம்! கேட்டால் "மெசின் பழுது" என்பார்கள். பட்டணத்துக்குக் கொண்டுபோகப் பஸ் காசு வேண்டும், திருத்தக் கூலி வேண்டும், நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் மழை தொடங்கிவிடும். காலபோகம் கைவிட்டுப் போய்விடும்.

எமது கருத்து இதுதான்: வாள் கொடுப்பவர்கள் அரத்தையும், பிளக் சாவியையும், அவற்றைப் பிடிக்கும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஊரில் ஒரு வீட்டுப் பத்தியிலாவது ஒரு திருத்தும் மேசை இருக்க வேண்டும். திருத்தத் தெரியாத வரையில், எமக்கென்று தரப்பட்ட வாளும் இரவல் வாள்தான்.

இது எமக்குக் கைவராத வித்தையா? பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். காபரேற்றரைக் கழற்றிப் பூட்டப் பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பழைய வித்தையைச் சங்கிலி வாளில் காட்டக்கூடாது. சங்கிலிக்கு ஒயில் விடும் தொட்டி தவிர, இந்த இயந்திரத்தின் பிஸ்ரனுக்கெனத் தனியான ஒயில் தொட்டி இல்லை. பெற்றோலில் கலந்துவரும் ஒயில்தான் பிஸ்ரனைக் காப்பாற்றுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் இயந்திரம் தட்டும், சூடேறும், பிஸ்ரன் உராய்ந்து இறுகும்.

கலவையின் அளவை வாளோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலீற்றர். அது இரண்டடி இயந்திரத்துக்குரிய ஒயிலாக இருக்க வேண்டும். கண்மட்டத்தில் ஊற்றாமல், மருந்துப் போத்தலின் அளவுமூடியால் அளந்து ஊற்றுங்கள்.

வாள் வேலை செய்யவில்லை என்றதும் பலர் காபரேற்றர் திருகாணியில் கை வைக்கிறார்கள். அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் சங்கிலியைப் பாருங்கள். கூரான சங்கிலி மரத்தைச் சிறு சீவல்களாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தள்ளும். அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் குறை இயந்திரத்தில் இல்லை, பல்லில்தான் இருக்கிறது. அரம் வட்டமானதாகவும் சங்கிலிக்கு ஏற்ற தடிப்பிலும் இருக்க வேண்டும். சிறிய வாள்களுக்குப் பெரும்பாலும் 4.0 அல்லது 4.8 மில்லிமீற்றர் பொருந்தும். பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக, ஒரே சரிவில், தள்ளும்போது மட்டும் அரம் போடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தரம் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று தரம். ஒரு பக்கம் கூடினால் வாள் மரத்துக்குள் வளைந்து ஓடும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டை மட்டும் அளவின்றி அராவிவிடாதீர்கள். அது தாழ்ந்துவிட்டால் பல் மரத்தை அதிகமாகக் கவ்வி, வாளை ஆளின்மேல் எறியும்.

அடுத்துக் காற்று வடிகட்டி, பெற்றோல் தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டி, பிளக். இவற்றைத் துப்புரவு செய்தாலே பாதி வாள்கள் எழுந்துவிடும். அப்போதும் சரிவராவிட்டால் திருகாணிகளைத் தொடலாம். எல் என்று குறித்தது மெது ஓட்டத்துக்கு, எச் என்று குறித்தது முழு வேகத்துக்கு. வலப்பக்கம் திருகினால் பெற்றோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரப்பாக இருந்து, மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்தில் கீச்சென்று கத்தும் வாள் பலமான வாள் என்று மகிழாதீர்கள். அது பெற்றோல் போதாமல், அதனால் ஒயிலும் போதாமல் எரிந்துகொண்டிருக்கிறது. மெது ஓட்டத்தில் சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அந்த வாளை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

இதில் காசு மட்டுமன்றி உயிரும் இருக்கிறது. எமது மண்ணின் மரங்களுக்குள் போர் இன்னும் இருக்கிறது. பனையிலும் பாலையிலும் புதைந்த ஷெல் துண்டில் சங்கிலி பட்டால் பல் உடையும், சங்கிலி அறுந்து தெறிக்கும். மரப்பட்டையில் பழைய காயமோ வீக்கமோ தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து அரியுங்கள். சங்கிலிப் பிறேக் பழுதான வாளைத் திருத்தும்வரை பூட்டி வையுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகாத காணிக்குள் வாளோடும் போகாதீர்கள், வெறுங்கையோடும் போகாதீர்கள்.

"வாளைத் திருத்தக் கற்றுக்கொடுத்தால் காடு அழியாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2019 இல் சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும் நடவடிக்கை நாடெங்கும் நடந்ததும் இதனால்தான். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951 ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. எமது காணி என்று நாம் நினைக்கும் இடத்திலேயே வன எல்லைக்கல் நிற்கவும் கூடும். ஆகவே தறிக்குமுன் உறுதியையும் கிராம அலுவலரின் சொல்லையும் கையில் வைத்திருங்கள். ஆனால் ஊரறிந்த ஒருவரின் மேசையில் அரம் போடப்படும் வாள், எங்கே போகிறது, எதை அரிகிறது என்று ஊருக்குத் தெரிந்த வாள். காட்டை அழிப்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரியாமல் இரவில் வரும் வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிக்கு இளைஞர்களை மட்டும் அழைக்காதீர்கள். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எமது பங்குகளில் நிறையப் பேர். மரத்தில் வாளைப் பிடிக்கப் பலம் வேண்டும். அரம் பிடிக்கப் பொறுமையும் நல்ல கண்ணும் போதும். தையல் மெசினைக் கழற்றி ஒயில் விடும் கை, காபரேற்றரையும் கழற்றும். வீட்டைவிட்டுப் போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் இது.

2022 இல் பெற்றோல் வரிசைகளில் நின்றபோது, இறக்குமதிப் பொருளை நம்பிய வாழ்வு எவ்வளவு மெல்லியது என்று நாடே கண்டது. நாம் அதை முன்னரே கண்டவர்கள். எனவே உதவி நிறுவனங்களிடம் இனிப் பட்டியல் கொடுக்கும்போது இரண்டாவது வாளைக் கேட்காதீர்கள். முதல் வாளுக்கு அரங்கள், பிளக் சாவி, ஒரு மேலதிகச் சங்கிலி, ஒரு வாரப் பயிற்சி என்று கேளுங்கள். பங்குகளும் சங்கங்களும் தமது மண்டபத்தின் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கட்டும்.

எலிசா அந்தக் கோடரியை மிதக்கச் செய்தார். ஆனால் கையை நீட்டி அதை எடுக்க வேண்டியவர் அந்தச் சீடரே. எமது கைகளும் நீளட்டும்.